பாடகர் இல்லாத மேடையில் நம் திரையிசை

கோலாலம்பூரில் திரையிசை நிகழ்ச்சி என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது பெரிய விளையாட்டரங்குகள்தான். 2013 டிசம்பரில் மெர்டேக்கா அரங்கில் நடந்த இளையராஜா இசை நிகழ்ச்சியையும் 2023 ஜனவரியில் புக்கிட் ஜாலில் தேசிய அரங்கில் ஏ.ஆர். ரகுமான் நடத்திய நிகழ்ச்சியையும் நேரில் கண்டவர்கள் அந்த அனுபவங்களை ஏற்கெனவே நிறையப் பேசிவிட்டார்கள். நான் பகிர விரும்புவது வேறு வகையான ஒரு மாலையைப் பற்றி. அன்று மேடையில் பாடகர் என்று ஒருவரும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை, முழு ஆர்கெஸ்ட்ரா ஒன்று திரைப்பட இசையை மட்டுமே வாசித்தது.

நிகழ்ச்சி நடந்தது பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்துக்குள் இருக்கும் டேவான் பிலஹார்மோனிக் பெட்ரோனாஸில். 1998 ஆகஸ்ட் 17 அன்று திறக்கப்பட்ட இந்த அரங்கு, ஐரோப்பாவின் பத்தொன்பதாம் நூற்றாண்டு இசையரங்குகளைப் போல நீண்ட பெட்டி வடிவில் கட்டப்பட்டது. மேடைக்குப் பின்னால் ஜெர்மனியின் கிளைஸ் நிறுவனம் செய்த குழாய் ஆர்கன் சுவரையே நிறைத்து நிற்கிறது. ஒலிவாங்கி இல்லாமலேயே கடைசி வரிசை வரை ஓசை சென்று சேர வேண்டும் என்பதற்காகவே அமைந்த இடம் இது. மாலை நிகழ்ச்சிக்கு உடை ஒழுங்கு உண்டு என்பதால், என்னுடன் வந்த மாமா கல்யாணங்களுக்கென்றே எடுத்து வைத்திருக்கும் நீண்ட கை பாத்திக் சட்டையை அணிந்து வந்தார். நேரத்தோடு வந்துவிட வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். கதவு மூடிய பிறகு வருபவர்கள் தக்க இடைவெளி கிடைக்கும் வரை வெளியேதான் காத்திருக்க வேண்டும். அம்பாங் சாலை நெரிசலை நம்பிக் காரில் வருவதைவிட எல்.ஆர்.டி.யில் வந்து கே.எல்.சி.சி. நிலையத்தில் இறங்குவது நல்லது.

மாமாவை அழைத்துச் சென்றதற்குக் காரணம் இருக்கிறது. அவர் எண்பதுகளில் கிள்ளான் வட்டாரத்துக் கல்யாண வீடுகளில் வாசித்த இசைக்குழு ஒன்றில் பேஸ் கிட்டார் வாசித்தவர். இசைக்குறிப்பு எழுதிய தாள் எதுவும் கைக்குக் கிடைக்காத அந்தக் காலத்தில், தமிழ் வானொலியில் கேட்ட பாட்டின் ஒலிநாடாவை வாங்கி, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, குரலுக்கு அடியில் மங்கலாகக் கிடக்கும் பேஸ் வரியைக் காதாலேயே தோண்டி எடுத்துப் பழகியவர்கள் அவர்கள். அதனால் பாட்டைக் கேட்கும்போது மற்றவர்கள் வரிகளைப் பிடித்துக்கொண்டு போனால், மாமா அதற்குக் கீழே போய்க்கொண்டிருப்பார்.

நிகழ்ச்சியின் முதற்பாதி வெளிநாட்டுப் படங்களின் இசை. வாசிப்பு கச்சிதமாக இருந்தது என்பதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. இடைவேளைக்குப் பின் தமிழ்ப் பாடல்களின் தொகுப்பு தொடங்கியது. ஓபோ என்ற மரக் குழல் வாத்தியத்தில் எழுந்த ஒரே சுரத்துக்கு அனைவரும் சுருதி கூட்டி முடித்த பிறகு, நாம் எல்லாரும் மனப்பாடமாக அறிந்த பல்லவி ஒன்றை முதல் வயலின்கள் எடுத்தன. அவை பாடிக்கொண்டிருக்க, இரண்டாம் வயலின்கள் வில்லை மடியில் கிடத்திவிட்டுத் தந்திகளை விரலால் சுண்டின. அவற்றுக்கு வலப்புறம், வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாக்கள் பல்லவிக்கு முற்றிலும் வேறான ஒரு மெட்டைத் தணிந்து வாசித்தன. மாமா என் முழங்கையைத் தொட்டு, “தம்பி, பாட்ட விடு. அங்க பாரு, செல்லோ என்ன பண்ணுதுன்னு கேளு” என்றார். கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிக்கும் பெரிய தந்தி வாத்தியமான செல்லோக்கள் அந்த இரண்டு மெட்டுகளுக்கும் பதில் சொல்வதுபோல மூன்றாவதாக ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தன. சின்ன வயதிலிருந்து நான் கேட்டு வந்த பாடல்தான் அது. ஆனால் சிறிய வானொலிப் பெட்டியின் ஒற்றை ஒலிபெருக்கியில் பாடகரின் குரல் முன்னே வந்து நிற்க, அதன் பின்னால் இத்தனை பேர் இத்தனை வேறு வேலைகளைச் செய்துகொண்டிருந்தார்கள் என்பது கல்யாண வீட்டுச் சமையற்கட்டைப் போலப் பந்தியில் உட்கார்ந்தவனுக்குத் தெரியாமலேயே இருந்துவிட்டது.

எல்லாப் பாடல்களும் இப்படித் தேறவில்லை. ஒரே நேரத்தில் பல மெட்டுகள் சேர்ந்து ஒலிக்கும் அடுக்கிசையை மனத்தில் கொண்டு அமைத்த பாடல்கள் ஆர்கெஸ்ட்ராவில் விரிந்து மலர்ந்தன. ராகத்தின் கமகத்தையே, அதாவது சுரத்தின் அசைவையே, நம்பி நிற்கும் பாடல்களோ சற்று வெளிறித்தான் போயின. தோடி ராகத்தின் காந்தாரம் போன்ற ஒரு சுரம் அசைவில்தான் உயிர் பெறுகிறது. மேற்கத்தியக் குறிப்புத்தாளில் அதை நிலையான ஒரு சுரமாக எழுதிக் கொடுத்தால், எவ்வளவு தேர்ந்த கலைஞரும் அதை நிலையான சுரமாகத்தான் வாசிப்பார். இதில் வாசித்தவர்கள் மீது குறை சொல்ல ஏதும் இல்லை. ஓரிடத்தில் முதல் நாற்காலியில் அமர்ந்த தலைமை வயலின் கலைஞர் விரலைத் தந்தியில் இழுத்து ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் சென்றபோது, எங்கள் வரிசையில் இருந்த இரண்டு மூன்று பேர் தம்மையறியாமல் தலையை ஆட்டினார்கள்.

பக்கத்து இருக்கையில் பட்டுப் புடவை உடுத்திய அக்கா ஒருவர் இருந்தார். பாடகர் இல்லாத குறையை அவரே நிரப்பிக்கொண்டிருந்தார். உதடுகள் மட்டும் அசையும், ஒலி வராது. ஓபோ சரணத்தை எடுத்தபோது ஒரு வரியும் தவறாமல் அவர் வாயில் ஓடியது. பிறகு ஓரிடத்தில், பழகிய முன்னிசை எழுந்த அந்த நொடியில், மேலே மாடத்திலிருந்து ஒரு விசில் கிளம்பியது. இசை நடத்துநர் திரும்பவில்லை. ஆனால் அவருடைய தோள்கள் குலுங்கியதிலிருந்து சிரிக்கிறார் என்று தெரிந்தது. இத்தகைய அரங்கில் ஒரு படைப்பின் பகுதிகளுக்கிடையே கைதட்டக் கூடாது என்று நம்மவர்களுக்குப் பாடம் நடத்துபவர்கள் இருக்கிறார்கள். மெல்லிய இடங்களில் அமைதி வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் பாட்டு முடிந்த பிறகு எழும் கைதட்டலுக்காக வெட்கப்பட வேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை.

நிகழ்ச்சி முடிந்து வெளியே வரும்போது, முன்வரிசையில் அமர்ந்திருந்த சீன முதியவர் ஒருவர் மாமாவிடம் மலாய் மொழியில், அந்த வயோலாப் பகுதியை எழுதியவர் ஐரோப்பாவில் படித்தவரா என்று கேட்டார். மாமாவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இளையராஜா சென்னையில் இசை ஆசிரியர் தன்ராஜ் மாஸ்டரிடம் கற்றவர் என்று தொடங்கி, 1976இல் முதல் படத்துக்கு இசையமைத்தது, 1993இல் லண்டனில் ராயல் பிலஹார்மோனிக் இசைக்குழுவைக் கொண்டு சிம்பொனி பதிவு செய்தது, 2025 மார்ச் 8 அன்று ராயல் பிலஹார்மோனிக் கான்சர்ட் இசைக்குழுவோடு லண்டனில் புதிய சிம்பொனியை அரங்கேற்றியது வரை நின்ற இடத்திலேயே சொல்லி முடித்தார். முதியவர் இளையராஜா என்ற பெயரைத் தம் கைப்பேசியில் குறித்துக்கொண்டார்.

எனக்கும் மாமாவுக்கும் இன்னும் தீராத ஒரு வழக்கு உண்டு. அன்று தபேலாவுக்கும் ஒலிவாங்கி வைக்கவில்லை. அத்தனை தந்தி வாத்தியங்களுக்கு நடுவே அது தணிந்து, பின்னால் இருந்து தட்டுவது போலத்தான் கேட்டது. அதுதான் சரி என்கிறார் மாமா. வேறோர் அரங்கில், பெயர் வேண்டாம், எல்லாவற்றுக்கும் ஒலிவாங்கி வைத்து, டிரம்ஸ் சத்தத்தில் வயலின்கள் வில்லை அசைப்பது மட்டுமே தெரிந்த ஒரு நிகழ்ச்சியை அவர் சாட்சிக்கு இழுக்கிறார். நானோ, தாளத்தை வயிற்றில் உணராமல் நம் பாட்டு முழுமையாகாது என்கிறேன். தபேலாவுக்கு மட்டும் அளவாக ஓர் ஒலிவாங்கி வைத்திருந்தால் வயலின்களுக்கு ஒரு குறையும் வந்திருக்காது. பிறகு பிரிக்பீல்ட்ஸில் தே தாரே என்ற இழுத்த தேநீர் ஆறும் வரை இதையே பேசினோம். அவரும் இறங்கி வரவில்லை, நானும் இறங்கி வரவில்லை.

அடுத்து செல்ல நினைப்பவர்கள் முன்வரிசை இருக்கைக்கு ஆசைப்பட வேண்டாம். அங்கிருந்து முதல் வயலின்காரர்களின் காலணிதான் நன்றாகத் தெரியும். ஓபோ, ஹார்ன் எனும் கொம்பு, டிம்பானி முரசு எல்லாம் அவர்களுக்குப் பின்னால் மறைந்துவிடும். மாடத்தில் உட்கார்ந்தால் எந்த வாத்தியம் எப்போது எழுகிறது என்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே கேட்கலாம்.