வாசலில் சிறு கட்டணம்: மருத்துவ உரிமைக்குத் தடையா, துணையா?

தராசு:
மருத்துவம் எல்லோருக்குமான உரிமை, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அரசு மருத்துவமனையில் முழு இலவசம் என்றால் சாதாரணச் சளிக்கும் வரிசை நீளும், அவசரமாக வந்தவர் காத்துக் கிடப்பார். சிறு கட்டணம் வையுங்கள், ஏழைகளுக்கு அட்டை மூலம் விலக்குக் கொடுங்கள். வசூலாகும் பணத்தில் மருந்து வாங்கலாம். ஆப்பிரிக்க நாடுகளின் சுகாதார அமைச்சர்கள் மாலியின் பமாகோ நகரில் ஏற்ற 1987 பமாகோ திட்டமும், நோயாளியிடம் வாங்கும் பணத்தில் மருந்து வாங்கும் இந்த வழியில்தான் போனது.

வேம்பு:
கட்டணம் வீண் வருகையை மட்டும் வடிகட்டும் என்பது தப்புக் கணக்கு. அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 1970-களில் தொடங்கிய ஆய்வில், குடும்பங்களைக் குலுக்கல் முறையில் வெவ்வேறு கட்டணத் திட்டங்களில் சேர்த்துப் பார்த்தார்கள். கட்டணம் ஏறியதும் தேவையற்ற சிகிச்சையோடு தேவையான சிகிச்சையும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குறைந்தது. நெஞ்சு எரிவது வாயுவா, மாரடைப்பா என்று வாசலில் நிற்பவருக்கு எப்படித் தெரியும்?

விலக்கு அட்டை எப்படி வேலை செய்கிறது என்றும் பாருங்கள். வருமானச் சான்றுக்கு அலைந்தால் ஒரு நாள் கூலி போச்சு. அட்டையோடு வந்தாலும், வசூலை நம்பி ஓடும் மருத்துவமனைக்கு விலக்குப் பெறும் ஒவ்வொருவரும் நஷ்டக் கணக்கு. அந்தத் தொகையை யாராவது ஈடுகட்டாத வரை, கவுன்டரில் இருப்பவர் 'இந்த அட்டை செல்லாது' என்று சொல்லத்தான் காரணம் தேடுவார்.

தராசு:
சரி, உகாண்டாவுக்கு என்ன பதில்? 2001-ல் அங்கே அரசு மருத்துவமனைகளில் கட்டணத்தை நீக்கினார்கள். ஏழைகள் நிறையப் பேர் வந்தார்கள், உண்மைதான். ஆனால் மருந்து தீர்ந்துபோய் வெளிக்கடைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். மிக ஏழைக் குடும்பங்களின் கழுத்தை நெரிக்கும் மருத்துவச் செலவு குறையவில்லை. நுழைவுச் சீட்டு இலவசம், மாத்திரைக்குக் காசு என்றால் அது என்ன உரிமை?

படிக்கட்டு:
அங்கே பிழை கட்டணத்தை நீக்கியதில் இல்லை, எதை முதலில் செய்தார்கள் என்ற வரிசையில். மருந்துக் கொள்முதல்தான் முதல் வேலை. மாதம் 1,000 மாத்திரைப் பட்டை செலவாகும் இடத்தில் வருகை பாதி கூடும் என்று வைத்தால் 1,500. ஆர்டர் வந்து சேர 3 மாதம் என்றால் 4,500, அதன் மேல் 2 மாதக் கையிருப்பு 3,000. ஆக 7,500 பட்டைக்குக் குறையாமல் கையிலும் ஆர்டரிலுமாக இருக்க வேண்டும். பழைய கணக்கை வைத்து ஆர்டர் போட்டால் இடையிலேயே அலமாரி காலி.

இன்னொன்று, வசூல்பணத்தில்தான் பஞ்சு, கையுறை, துப்புரவுக் கூலி எல்லாம் ஓடும். அது நிற்கும் நாளுக்கு முன்பே மாற்று நிதி கணக்கில் ஏறியிருக்க வேண்டும்.

அந்த மாற்று நிதிக்கு ஒரு எடுத்துக்காட்டு: தாய்லாந்து 2002-ல் வரிப்பணத்திலிருந்து, பதிவு செய்த மக்கள்தொகையை வைத்துத் தலைக்கு இவ்வளவு என்று புறநோயாளி சிகிச்சைக்குப் பணம் கொடுத்தது. நோயாளி கொடுத்தது வருகைக்கு 30 பாட் (தாய்லாந்து நாணயம்) மட்டும்.

வேம்பு:
அந்த 30 பாட்டையும் 2006-ல் நீக்கினார்கள், திட்டம் கவிழவில்லை. தராசு சொன்ன செலவுப் புள்ளிவிவரத்திலும் ஒரு ஓட்டை இருக்கிறது. குடும்பச் செலவில் 10 சதவீதத்துக்கு மேல் மருத்துவத்துக்குப் போனால் பேரழிவுச் செலவு என்று எண்ணுவது வழக்கம். கட்டணத்துக்குப் பயந்து வராமலே இருந்தவரின் செலவு அதில் பூஜ்யம். அவர் வீட்டிலேயே செத்தாலும் அந்தக் கணக்கில் பாதுகாப்பாகத்தான் இருப்பார்!

தராசு:
அதை ஏற்கிறேன். ஆனால் அருகிலுள்ள சுகாதார நிலையத்தைத் தாண்டி நேரே பெரிய மருத்துவமனைக்குப் போகிறவரிடமாவது கட்டணம் வாங்க வேண்டும். 'பெரிய மருத்துவமனைக்குப் போங்கள்' என்று நிலையம் எழுதித் தரும் பரிந்துரைச் சீட்டு இல்லாத கூட்டத்தை வேறு எப்படித் தடுப்பீர்கள்?

வேம்பு:
அந்த நிலையம் மாலையிலும் திறந்திருந்து, மருத்துவரும் ரத்த அழுத்த மாத்திரையும் இருந்தால் பேசலாம். பூட்டிய கதவைத் தாண்டி வந்தவரிடம் அபராதம் வாங்குவதை ஒருக்காலும் ஏற்க மாட்டேன். அவசரத்துக்கும் பிரசவத்துக்கும் எந்த நிலையிலும் கட்டணம் கூடாது.

படிக்கட்டு:
அப்படியானால் விதியை நிலையத்துக்கு நிலையம் அமல்படுத்துங்கள். எந்த நிலையத்தில் 3 மாதம் தொடர்ந்து மருந்து தீராமலும் மருத்துவர் இடம் காலியில்லாமலும் இருக்கிறதோ, அந்தப் பகுதிக்கு மட்டும் பரிந்துரைச் சீட்டைக் கட்டாயமாக்கலாம்.