பழனி ரோடு வீட்டார் குழு

முருகேசன் சித்தப்பா: கிரகப்பிரவேசப் பத்திரிகை புரூஃப் போட்டிருக்கிறேன். ஆறு மணிக்குள் சொல்லுங்கள், அச்சகத்துப் பையன் கிளம்பிவிடுவான்.

லதா அத்தை: தமிழ்ப் பக்கம் சரி.

கார்த்தி: இங்கிலீஷ் பக்கம் வெட்னஸ்டேயில் 'டி' இல்லையே சித்தப்பா

முருகேசன் சித்தப்பா: சொல்லும்போது வராதே

நடராஜன் பெரியப்பா: வராது, ஆனால் எழுத வேண்டும். அது உவோடன் என்ற பழைய கடவுளின் நாள். பெயரில் இருந்த 'டி' அப்படியே தங்கிவிட்டது. அதிலாவது நியாயம் இருக்கிறது. கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல்லில் 'பி' எதற்கு? பிரெஞ்சிலிருந்து வந்தபோது அது கிடையாது. மூலம் லத்தீன் 'டெபிட்டும்' என்று காட்டுவதற்காகப் படித்தவர்கள் பிற்காலத்தில் செருகியது. ரசீதைக் குறிக்கும் 'ரிசீட்' என்ற சொல்லில் இருக்கும் 'பி'யும் அதே கதைதான்.

கார்த்தி: எந்த 'பி' பெரியப்பா? பேட்டா, பேனாவா?

நடராஜன் பெரியப்பா: கடனுக்கு பேட். ரசீதுக்கு பேனா.

லதா அத்தை: கடன், ரசீது என்றாலே இந்தக் குழுவில் சிலர் சத்தமே இல்லை.

செல்வி சித்தி: யாரைச் சொல்கிறீர்கள் மதினி?

லதா அத்தை: பொதுவாகச் சொன்னேன்மா

லதா அத்தை: இன்று நல்ல தண்ணீர் வந்ததா?

செல்வி சித்தி: இல்லை. நாளைக்காம்.

நடராஜன் பெரியப்பா: ஊர்ப் பெயரே பட்ட பாடு தெரியும்தானே. 2020 ஜூனில் 1018 ஊர்களுக்குப் புது ஆங்கில எழுத்து என்று அரசாணை வெளியானது. திண்டுக்கல்லுக்கு முதல் எழுத்தே மாறியது. அந்த மாதமே திரும்பப் பெற்றார்கள். ஆகையால் பத்திரிகையில் பழையபடியே இருக்கட்டும். அப்புறம் முருகேசா, உன் பெயரில் கடைசியில் எதற்கு இரண்டு 'என்'?

கார்த்தி: 😂😂

முருகேசன் சித்தப்பா: நியூமராலஜி அண்ணா. அதைச் சேர்த்த பிறகுதான் வீட்டு லோன் பாஸானது.

நடராஜன் பெரியப்பா: லோன் உன் சம்பளச் சீட்டுக்கு வந்தது. அதில் ஒரு 'என்'தான்.

செல்வி சித்தி: மாமா, போன கல்யாணப் பத்திரிகையில் உங்கள் பெயருக்குப் பின்னால் பட்டமே ஒன்றரை வரி வந்தது. நாங்கள் ஏதாவது கேட்டோமா?

லதா அத்தை: 🤐

கார்த்தி: சித்தப்பா மணி 5.50

முருகேசன் சித்தப்பா: 'டி' சேர்க்கச் சொல்லிவிட்டேன். என் பெயரில் யாரும் கை வைக்க வேண்டாம்.

நடராஜன் பெரியப்பா: ஒரு 'என்' எடுத்தால் வரி அழகாக நடுவில் வரும்

முருகேசன் சித்தப்பா: அண்ணா, அதை நேரில் பேசுவோம்

செல்வி சித்தி: சமையல்காரர் லைனில் இருக்கிறார். இலை 250ஆ, 300ஆ?

லதா அத்தை: சம்பந்தி வீட்டையும் சேர்த்தா?