சோழவந்தான் வீட்டுக் குழு: சனிக்கிழமை இரவு

[இரவு 9:42] முருகேசன் பெரியப்பா: அனைவருக்கும் வணக்கம். மாப்பிள்ளை அழைப்பில் காரின் சன்னல் விளிம்பில் ஏறி, உடம்பை வெளியே வைத்து உட்கார்ந்து வந்த நம் கார்த்தி, கோயில் திருப்பத்தில் வண்டி வளைந்தபோது கீழே விழுந்துவிட்டான். எந்த வண்டியும் மோதவில்லை. காரும் மெதுவாகத்தான் போனது. முழங்கையில் சிராய்ப்பு, காதுக்கு மேலே சிறிய புடைப்பு, அவ்வளவுதான். யாரும் பதற வேண்டாம்.

[9:46] வசந்தா அத்தை: அண்ணே, மோதவில்லை என்பதற்காக அடி சிறியது என்று முடிவு செய்துவிடாதீர்கள். முப்பது வருடம் செவிலியராக இருந்தவள் கேட்கிறேன்: விழுந்ததும் நினைவு தப்பியதா? வாந்தி எடுத்தானா? காதிலோ மூக்கிலோ இரத்தமோ தண்ணீரோ வந்ததா?

[9:50] முருகேசன் பெரியப்பா: வாந்தியும் இரத்தமும் இல்லை. ஒரு நிமிடம் போலப் பேச்சுமூச்சு இல்லாமல் கிடந்தான் என்று பையன்கள் இப்போதுதான் சொல்கிறார்கள். பிறகு எழுந்து, பந்தியில் உட்கார்ந்து கேலி பேசிக்கொண்டு சாப்பிட்டான். தலை வலிக்கிறது என்று சற்று முன்னர்தான் மாடியறையில் படுக்கப் போனான்.

[9:52] வசந்தா அத்தை: அவனைத் தனியே படுக்க விடாதீர்கள். மண்டையோட்டுக்கும் மூளையின் வெளியுறைக்கும் நடுவே இரத்தம் கசிந்து கட்டினால், மயங்கியவன் தெளிந்து, சிரித்துப் பேசிச் சாப்பிட்டுவிட்டு, சில மணி நேரம் கழித்துத் திடீரென்று சரிந்துவிடுவான். இடையில் வரும் அந்தத் தெளிவை நம்பி வீட்டிலேயே வைத்திருந்து பறிகொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பைக்கின் பின்னால் ஏற்றாமல் 108ஐ அழைத்து, ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். சாலை விபத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் அரசுத் திட்டம் 2021 முதல் இருக்கிறது.

[9:58] முருகேசன் பெரியப்பா: ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டோம். நானும் உடன் போகிறேன்.

[10:07] தினேஷ்: நான் பின்னால் பைக்கில் வந்ததால் நேரிலேயே பார்த்தேன். அவன் கூரையில் கட்டியிருந்த சாமந்திச் சரத்தைத்தான் பிடித்திருந்தான். சரம் அறுந்து, கையில் பூவோடு விழுந்தான். பின்சக்கரம் அவன் காலுக்கு ஒரு சாண் தள்ளிப் போனது. எங்கள் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் இதற்கென்றே வி48.7 என்று ஒரு குறியீடு உண்டு: சாலையில் காரின் வெளிப்புறத்தில் பயணம் செய்தவர், மோதல் இல்லாமல் காயமடைந்தது. உலகம் முழுவதும் எண் கொடுத்து எழுதும் அளவுக்கு இது நடக்கிறது என்பதை நானே இன்றுதான் யோசித்தேன். பெரியப்பா, மெதுவாக என்கிறீர்கள். 20 கிலோமீட்டர் வேகம் என்றாலே, ஏறத்தாழ ஓர் ஆள் உயரத்திலிருந்து விழுபவன் தரையைத் தொடும் வேகம் அவன் உடம்பில் இருக்கும். 40 என்றால் ஆறு மீட்டர் உயரத்துக்குச் சமம்.

[10:15] செல்வி சித்தி: ஊர்வலத்தில் இதெல்லாம் வழக்கம்தானே என்று நானும் கைதட்டிக்கொண்டு நின்றேன். ஓட்டுநராவது வண்டியை நிறுத்தியிருக்கலாம்.

[10:18] தினேஷ்: நிறுத்தியிருக்க வேண்டும், சித்தி. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 123ஆம் பிரிவு, கூரையிலும் பானெட்டிலும் படிக்கட்டிலும் பயணம் செய்பவரை மட்டுமல்லாமல், ஆளை வெளியே வைத்து ஓட்டுபவரையும் தடுக்கிறது. ஆனால், ஹாரன் அடித்துக்கொண்டே போகச் சொன்னது நாம்தான்.

[11:54] முருகேசன் பெரியப்பா: மண்டையோட்டில் மயிரிழை விரிசலும், அதனடியில் சிறிய இரத்தக்கட்டும் இருக்கின்றன. இப்போதைக்கு அறுவை வேண்டாம், இரவு முழுவதும் கண்காணித்துக் காலையில் மறுபடி ஸ்கேன் எடுக்கலாம் என்கிறார் மருத்துவர். எந்த வண்டி மோதியது என்று விபத்துப் பதிவேட்டில் எழுதக் கேட்டார்கள். நடந்ததை நடந்தபடியே சொன்னேன். வசந்தா, நீ கேட்டிராவிட்டால் விடியும்வரை அவனை எழுப்பியிருக்க மாட்டோம்.

[11:57] வசந்தா அத்தை: மணிக்கொரு முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பதில் சரியாக வருகிறதா என்று பாருங்கள், அண்ணே. நர்ஸ் பார்த்தாலும் நீங்களும் பாருங்கள்.

[நள்ளிரவு 12:06] முருகேசன் பெரியப்பா: சரி. முகூர்த்தம் முடிந்து திரும்பும்போது, கார்க்கூரைத் திறப்பில் பிள்ளைகளை நிற்கவைத்துப் படமெடுக்க வீடியோக்காரரிடம் பேசியிருந்தோம். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கண்ணாடிகளை ஏற்றிப் பூட்டிவிடும்படி ஓட்டுநரிடம் தினேஷ் சொல்லிவிட வேண்டும்.