கலைச்சொல் பரிந்துரை: பிணைய எண்ணியின் ‘மறுசுற்று’

குழுவினருக்கு வணக்கம்.

பழைய ரவுட்டர்களும் சுவிட்சுகளும் தரவுப் போக்குவரத்து அளவைத் தவறாகக் காட்டுவதற்குக் காரணமான ‘கவுண்டர் ராப்’ என்பதற்கு ‘எண்ணி வழிவு’, ‘எண்ணி மீட்டமைப்பு’ என்ற இரு பரிந்துரைகள் வந்துள்ளன. இரண்டுமே பிழையைத் தேடுபவரைத் திசைதிருப்பிவிடும் என்பதால் ‘மறுசுற்று’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

இடைமுகத்தில் (சாதனத்தின் இணைப்பு வாயிலில்) வந்த பைட்டுகளைக் கணக்கிடும் 32 பிட் எண்ணி, வண்டியின் கிலோமீட்டர் காட்டி 99999-க்குப் பின் 00000-க்கு வருவதைப் போல, 4,294,967,295-ஐ எட்டியதும் சுழியத்திலிருந்து மீண்டும் தொடங்குகிறது. இதில் எதுவும் வழிந்து வீணாவதில்லை. முந்தைய அளவீட்டைக் கழித்து வரும் எதிர்மறை விடையோடு 4,294,967,296-ஐக் கூட்டினால் சரியான அளவு கிடைத்துவிடும். மீட்டமைப்போ சாதனம் அணைந்து எழுந்ததால் நேர்வது; அப்போது பழைய அளவீட்டோடு இருந்த தொடர்பே அறுந்துவிடுவதால், அதே கூட்டலைச் செய்தால் வரைபடத்தில் நடக்காத போக்குவரத்து ஒரு பெரும் முகடாக எழும். சாதனம் இயங்கிய நேரத்தைப் பார்த்து இரண்டையும் பிரித்தறிவது வழக்கம் என்றாலும், நொடியின் நூறில் ஒரு பங்காக எண்ணப்படும் அந்த நேரமும் 32 பிட் எண்தான் என்பதால், ஏறத்தாழ 497 நாள்களில் அதுவும் மறுசுற்றுக்குப் போய், மறுதொடக்கம் நிகழ்ந்ததைப் போன்ற தோற்றத்தைத் தருகிறது.

கூட்டுச்சொல் ஆக்குவதற்கும் இச்சொல் இடம் கொடுக்கிறது. முழு வேகத்தில் இயங்கும் 1 கிகாபிட் இணைப்பில் எண்ணி ஏறத்தாழ 34 நொடிக்கு ஒருமுறை சுற்றிவிடுவதால், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவெடுக்கும் கருவி எத்தனை சுற்றுகளைத் தவறவிட்டது என்பதை அறியவே முடியாது. இதைப் ‘பன்மறுசுற்று’ எனலாம். இதன் அடையாளம் தெளிவானது: போக்குவரத்து எவ்வளவு மிகுந்தாலும் ஐந்து நிமிடச் சராசரி நொடிக்குச் சுமார் 114 மெகாபிட்டைத் தாண்டாது. சாதனங்களிலிருந்து இந்த அளவீடுகளைப் பெறப் பயன்படும் நெறிமுறையான எஸ்.என்.எம்.பி.யின் முதல் பதிப்பில் 64 பிட் எண்ணிகளைப் பெற இயலாது. 2சி அல்லது மூன்றாம் பதிப்புக்கு மாறி ‘ஐஎஃப்எச்சிஇன்ஆக்டெட்ஸ்’ முதலிய 64 பிட் எண்ணிகளைப் படிப்பதே தீர்வு. அவை இல்லாத பழைய சாதனத்தில் அளவெடுக்கும் இடைவெளியைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

‘சுழற்சி’ என்ற சொல்லையும் கருதினேன். ஆனால், பதிவுக் கோப்புகளை மாற்றி மாற்றி எழுதுவதற்கு அச்சொல் பொருத்தமாக இருப்பதால் அதை அதற்கே விட்டுவிடலாம். வினையாக ‘எண்ணி மறுசுற்றியது’ என்பதைவிட ‘எண்ணி மறுசுற்றுக்குச் சென்றது’ என்பதே இயல்பாக ஒலிக்கிறது. மறுப்பு இருப்பின், மீட்டமைப்பிலிருந்து இதை வேறுபடுத்திக் காட்டும் மாற்றுச்சொல்லோடு தெரிவிக்க வேண்டுகிறேன்.