புதுப்பிப்பு: பலர் எழுதிய கருவை மீண்டும் எழுதுவது பற்றி

என் கதையின் கருவைப் பலர் ஏற்கெனவே கையாண்டுவிட்டதால் தொடரவே அச்சமாக இருக்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். அந்தக் கதையை இப்போது முடித்துவிட்டேன்.

பதிலளித்த ஒருவர் கம்பரை நினைவூட்டியது பெரிதும் உதவியது. வான்மீகியின் கதையையே எடுத்துக்கொண்ட கம்பர், மூலத்தில் வில் முறியும் முன் சந்தித்துக்கொள்ளாத இராமனையும் சீதையையும் மிதிலையில் ஒருவரையொருவர் பார்க்க வைத்தார். அந்த ஒரு பார்வையால், வில் முறியும் வரை சீதை படும் தவிப்பு முழுவதும் கதைக்குள் புதிதாக வந்து சேர்ந்தது. எத்தனை பெரிய துணிவு அது!

ஆகவே கருவை மாற்றும் எண்ணத்தை விட்டுவிட்டு, என் கதையில் இதுவரை பேசாதிருப்பவர் யார் என்று தேடினேன். இரு சகோதரர்களின் சொத்துப் பகையை, இருவரையும் வளர்த்த அத்தையின் பார்வையில் திருப்பி எழுதியபோது உரையாடல்கள் பெரும்பாலும் மாறிவிட்டன. அச்சம் முழுதாக நீங்கவில்லை. எனினும் முதல் வரைவு முடியும்வரை ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை என்ற உறுதியுடன் அடுத்த கதையைத் தொடங்கியிருக்கிறேன்.