மொட்டை மாடி அறிவியல்: நெல்லைக்காரர்கள் அனுபவம்

பாளைவாசி:
நம்ம ஊரில் வருஷத்துக்கு இரண்டு நாள், ஏப்ரல் 12 வாக்கிலும் ஆகஸ்ட் 30 வாக்கிலும், உச்சிப் பொழுதில் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும். நட்டு வைத்த கம்புக்கு நிழல் விழாது. ஏப்ரலில் மாடியில் ஒரு மீட்டர் பிவிசி குழாயை மணல் போட்ட பெயின்ட் வாளியில் நட்டோம். செங்குத்து பார்க்கக் கொத்தனாரிடம் தூக்குக்குண்டு வாங்கி வந்திருந்தேன். "ஏலே, உச்சி வெயில்ல என்னத்தல பண்ணுத?" என்று ஆச்சி கீழிருந்து சத்தம்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பன்னிரண்டு மணிக்கே வந்துவிட்டார்கள். நிழல் நன்றாகவே விழுந்தது. "சும்மா சொல்லுதீங்க மாமா" என்று இறங்கப் பார்த்தார்கள். இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்குக் கணக்கிட்டது. நாம் 77.7-இல் இருக்கிறோம். பாகைக்கு 4 நிமிடம் வீதம் நமக்கு உச்சி ஏறக்குறைய 12.20-க்குத்தான். அப்போது நிழல் வாளிக்குள் போய் ஒளிந்துகொண்டது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் ஆச்சியும் மேலே வந்துவிட்டார்.

அன்றைக்கே சென்னையில் சித்தி மகன் 12.10 வாக்கில் அதே உயரக் கம்புக்கு நிழல் அளந்தான்: 7.6 சென்டிமீட்டர். அப்படியானால் வெயில் கம்புக்கு 4.35 பாகை சாய்ந்து விழுகிறது. பூமியின் வளைவில் இரண்டு ஊருக்கும் இடையிலுள்ள கோணமும் அதுதான்; முழு வட்டம் 360 பாகை. இரண்டு ஊருக்கும் வடக்கு தெற்காக இடைவெளி சுமார் 480 கிலோமீட்டர் (பஸ் போகிற தூரத்தைப் போடக் கூடாது, அது 600-ஐத் தாண்டும்). 480-ஐ 360-ஆல் பெருக்கி 4.35-ஆல் வகுத்தால் பூமியின் சுற்றளவு 39,700 சொச்சம். உண்மையில் துருவங்கள் வழியாகச் சுற்றினால் சுமார் 40,008. பழைய கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் எகிப்தின் சியீன், அலெக்சாந்திரியா என்ற இரண்டு ஊர்களை வைத்துப் போட்ட அதே கணக்குதான்.

அளந்தவர்கள் எல்லாரும் பதிகிற பொதுத்தாளில் எங்கள் அளவுகளைப் போட்டோம். சென்னை நிழலை இன்னொருவர் 9 சென்டிமீட்டர் என்று போட்டிருந்தார். கூடவே படமும் போட்டிருந்ததால் கம்பு சாய்ந்திருப்பதை யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். எண் மட்டும் இருந்திருந்தால் சண்டைதான்.

மடிப்பாக்கத்து நெல்லைக்காரன்:
அண்ணாச்சி, ஒரு சந்தேகம். 480-ஐ வரைபடத்தில்தானே எடுத்தீர்கள்? பூமி அளவு தெரிந்த பிறகு வரைந்த படம் அது. வட்டமடிக்கிற கணக்கு! நெல்லையிலிருந்து பைக்கில் மதுரை வரை ஓட்டி மீட்டரில் தூரம் எடுக்கலாம் என்று பார்த்தேன். ஆனால் மதுரைக்கு நிழல் 2 சென்டிமீட்டர்தான் வரும், ஒரு மில்லிமீட்டர் பிசகினாலே ஐந்து சதவீதம் போச்சு.

அம்பை டீச்சர்:
எனக்கு மாடி இல்லை, குளத்தங்கரைதான். 2011 முதல் ஜனவரியில் நடக்கிற தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு முதன்முறை போனபோது எனக்கு நாமக்கோழியும் நீர்க்காகமும் மட்டும்தான் தெரியும். "பரவாயில்ல டீச்சர், நீங்க எழுதுங்க" என்று நோட்டைக் கொடுத்தார்கள். நேரம், எத்தனை பேர் பார்த்தோம், தண்ணீர் எவ்வளவு, எல்லாம் எழுத வேண்டும். ஒரு குளத்தில் ஒன்றுமே இல்லை. தாண்டிப் போகப் பார்த்தேன், பூஜ்யம் என்று எழுதச் சொன்னார்கள். போகாத குளத்துக்குத்தான் காலியாக விட வேண்டுமாம். எங்கள் பள்ளி ஆய்வுக்கூட நோட்டுகளில் காலிக் கட்டத்தையும் பூஜ்யத்தையும் யாரும் இப்படிப் பிரித்துப் பார்த்ததில்லை.

பாளைவாசி:
தம்பி சொல்வது நியாயம். ஆகஸ்டில் சென்னை வரை கார் மீட்டர் படித்துத் தர ஆள் வேண்டும். வழி எங்கே எவ்வளவு கிழக்கே விலகுகிறது என்று கழிக்கத் தெரிந்தவராக இருந்தால் நல்லது. மேகம் கெடுக்காமல் இருக்க வேண்டும், அந்த மாசம் நம்ப முடியாது.