துவர்த்து (துண்டு) நெய்யும்போது கரை இழை அறுந்துகொண்டே இருக்கிறது, வழி சொல்லுங்கள்

தக்கலைக்காரி:
வீட்டில் ஒரு சட்டத்தறி வாங்கிப் போட்டு, துவர்த்து நெய்து பழகுகிறேன். 2/40 பருத்தி நூல், 48-ஆம் நம்பர் அச்சு (இழைகளைக் கோர்க்கும் சீப்பு). அச்சில் பாவு (நீளவாட்டு இழைகள்) 30 அங்குல அகலம் இருக்கிறது. ஆனால் ஒரு முழம் நெய்வதற்குள் துணி 27 அங்குலமாகக் குறுகிவிடுகிறது. இரண்டு கரையிலும் ஓர இழைகள் அறுகின்றன, நடுவில் ஒன்றும் ஆவதில்லை. நூல் மட்டமா, கஞ்சி போதவில்லையா?

புதுத்தறி:
கஞ்சியைக் கெட்டியாகப் போட்டுப் பாருங்கள். இல்லையென்றால் நூலை மாற்றுங்கள்.

வடசேரித் தறி:
மக்களே, நூலை மாற்றாதே. நூல் மட்டம் என்றால் நடுவிலும் அறும். கஞ்சி கூடினால் நூல் விறைத்து இன்னும் அறும். ஆனி, ஆடி மழையில் அது சரியாகக் காயவும் காயாது.

இது ஊடை, அதாவது குறுக்கு நூல், இழுக்கிற இழுப்பு. அச்சில் 30 அங்குலத்தில் நிற்கிற இழையை, 27 அங்குலத் துணி உள்ளே இழுக்கிறது. அப்போது கரை இழை சாய்ந்து அச்சுப் பல்லில் உரசும். ஒவ்வொரு அடிக்கும் பல் அதை அரம் போல் அராவும். எந்த நூல் தாங்கும்?

முதலில் தாரைப் பார், ஊடை நூல் சுற்றிய குச்சியை. கோணலாகச் சுற்றிய தார் என்றால் ஒவ்வொரு ஓட்டத்திலும் நூல் சிக்கி, கரையைச் சுண்டி இழுக்கும். தாரைச் சுமந்து குறுக்கே ஓடுகிற நாடாவை மேசையில் வைத்து நூலை மெல்ல இழு. நூல்தான் வரவேண்டும், நாடா கூடவே நகரக் கூடாது. அப்புறம், பாவு வாய் (நாடா ஓடும் இடைவெளி) திறந்திருக்கும்போதே அச்சால் அடி, அடித்த பிறகு மிதியை மாற்று. முதலில் மிதியை மாற்றிவிட்டால் பாவு ஊடையைப் பிடித்துக்கொள்ளும், கூடுதல் நூல் உள்ளே வர வழியில்லை.

இரண்டு முனையிலும் ஊசி வைத்த விரிப்புக் குச்சி கிடைத்தால், கரைக்குக் கரை குத்தி, இரண்டு அங்குலம் நெய்ததும் முன்னால் நகர்த்திக்கொள். 30-க்கு ஓர் அங்குலம் குறைவது இயல்புதான், அதற்குக் கவலை வேண்டாம்.

இரணியல் அக்கா:
அண்ணாச்சி சொல்வது சரி. கரையில் இரண்டு மூன்று பல்லுக்கு இழையை இரட்டையாகக் கோர்த்துக்கொள் அம்மா, நன்றாகத் தாங்கும்.

தக்கலைக்காரி:
தார் கோணல்தான் அண்ணாச்சி, இப்போதுதான் பார்த்தேன். கயிற்றை இழுத்து நாடா ஓட்டுவதை விட்டுவிட்டுக் கையால் வீசிப் பழகலாமா?

வடசேரித் தறி:
கட்டாயம். கயிற்று நாடா 1733-இல் ஜான் கே கண்டுபிடித்தது. வேகம் உண்டு, ஆனால் கரைக்குக் கை வராது. கேரளத்தில் பாலராமபுரத்துக் குழித்தறிகளில் இன்றும் கையால் வீசுகிறார்கள். நாடாவைப் பிடிக்கிற கைக்கு ஊடை எவ்வளவு இறுகுகிறது என்று ஒவ்வொரு முறையும் தெரியும். 30 அங்குலம் கைக்கு எட்டும் அகலம்தான். கரை நேரானதும் கயிற்றுக்கு மாறிக்கொள்.

அடுத்த துவர்த்தைத் தறியில் இருக்கும்போதே படம் எடுத்துப் போடு. அச்சும் கரையும் ஒன்றாகத் தெரியட்டும்.